மனைவியின் நகையை விற்றா அணை கட்டினார் பென்னிகுவிக்? கம்பம் பள்ளத்தாக்கு கும்பிடும் கர்னலின் கதை

தைப்பொங்கல் வந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் சூரியனுக்கு மட்டும் பானை பொங்குவதில்லை. ஜனவரி 15, ஒரு வெள்ளைக்காரரின் பிறந்தநாள். தேனி மாவட்டம் பாலார்பட்டியில் அவர் பேரைச் சொல்லித் தனியாகவே பொங்கல் வைக்கிறார்கள். தேனி புதிய பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பெயர். லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம். சில வீடுகளில் சாமி படங்களோடு அவர் படமும் மாட்டியிருக்கும். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்த குடும்பங்களும் உண்டு. இந்த நாட்டை ஆண்ட வெள்ளைக்கார அதிகாரிகளில் இத்தனை வருஷம் கழித்தும் இப்படிக் கும்பிடப்படுகிறவர் வேறு யாராவது இருக்கிறாரா என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

காரணம் தெரிய உத்தமபாளையத்தில் இருந்து கம்பம் போகிற ரோட்டில் அனுமந்தன்பட்டி வரை போனால் போதும். வயலும் தென்னையும் வாழையுமாகப் பச்சைப் பசேல் என்று கிடக்கிற பூமி அது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைகிறது. அந்த நெல்லுக்குப் பாய்கிற தண்ணீர், இயற்கை போட்ட வழியில் போயிருந்தால் மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்திருக்கும். அதை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்ட வேலைக்குத் தலைமை தாங்கியவர்தான் கர்னல் ஜான் பென்னிகுவிக்.

அவரைப் பற்றிப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. பாதியில் அணை வெள்ளத்தில் போய்விட்டது, இனி பணம் தரமுடியாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் கையை விரித்துவிட்டது, துரை சீமைக்குப் போய்ச் சொத்தையும் மனைவியின் நகையையும் வித்துக் காசு கொண்டுவந்து அணையைக் கட்டி முடித்தார் என்பது அந்தக் கதை. மேடையில் பேசுகிறவர்கள் முதல் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் வரை இதைத்தான் சொல்கிறார்கள். இது உண்மையா? அதற்கு முன்னால் அவர் யார் என்று பார்த்துவிடலாம்.

எட்டு வயது ஆகுமுன் போன அப்பா

ஜான் பென்னிகுவிக் 1841 ஜனவரி 15 அன்று புனாவில் பிறந்தார். அப்பாவுக்கும் ஜான் பென்னிகுவிக் என்றே பெயர். பிரிட்டிஷ் ராணுவத்தில் பிரிகேடியர். அம்மா சாரா.

1849-ல் பஞ்சாபில் சீக்கியர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் இரண்டாவது போர் நடந்துகொண்டிருந்தது. ஜனவரி 13 அன்று சில்லியன்வாலாவில் நடந்த சண்டையில் அப்பா கொல்லப்பட்டார். அதே படையில் இருந்த மகன் அலெக்சாண்டருக்கு அப்போது 17 வயதுதான். அப்பாவின் உடலை எதிரிகள் நெருங்கவிடாமல் காவல் நின்ற அவரும் அங்கேயே செத்துப்போனார். சின்னவன் ஜானுக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாள் இருந்தது.

அப்பாவையும் அண்ணனையும் ஒரே நாளில் பறிகொடுத்த வீட்டில் அடுத்த பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்ப யோசித்திருப்பார்கள் என்று நாம் நினைக்கலாம். ஆனால் ஜானும் பட்டாளத்துக்குத்தான் போனார். செல்டன்ஹாம் கல்லூரியில் படித்துவிட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். 1858 டிசம்பரில் சென்னை பொறியாளர் படையில் அதிகாரியானார். 1860-ல் இந்தியா வந்து இறங்கியபோது வயது 19.

பொறியாளர் படை என்பது துப்பாக்கி தூக்குகிற வேலை மட்டும் இல்லை. படை போவதற்கு முன்னால் ரோடு போட வேண்டும், பாலம் கட்ட வேண்டும், தண்ணீருக்கு வழி பண்ண வேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று இன்றும் பெங்களூரில் இருக்கிற படைப்பிரிவின் பரம்பரைத் தொழிலே அதுதான்.

அந்தத் தொழிலின் கடுமையை அவர் பார்த்த இடம் அபிசீனியா, அதாவது இன்றைய எத்தியோப்பியா. அந்நாட்டுச் சக்கரவர்த்தி தெவோத்ரோஸ் ஐரோப்பியர்கள் சிலரைச் சிறைபிடித்து வைத்திருந்தார். அவர்களை மீட்க ஜெனரல் ராபர்ட் நேப்பியர் தலைமையில் இந்தியாவில் இருந்து படை கிளம்பியது. செங்கடல் கரையில் இறங்கி, ரோடே இல்லாத மலைகளில் யானைகளோடும் பீரங்கிகளோடும் ஏறி, 1868 ஏப்ரலில் மக்தலா கோட்டையைப் பிடித்தார்கள். சண்டை நடந்தது கொஞ்ச நேரம்தான். மலையில் வழி உண்டாக்குவதும் பல்லாயிரம் பேருக்கும் மாடு குதிரைகளுக்கும் தண்ணீர் தருவதும்தான் மாசக்கணக்கில் நடந்த வேலை. அந்தப் படையெடுப்பில் பங்கேற்றதற்கான பதக்கம் பென்னிகுவிக்குக்குக் கிடைத்தது. அதன் பிறகு அவருடைய உழைப்பெல்லாம் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில்தான்.

ஆகாத காரியம் என்று விடப்பட்ட திட்டம்

பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை பென்னிகுவிக்குடையது இல்லை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்திருளப்பப் பிள்ளை 1789-லேயே இதைப் பற்றி ஆராய்ந்தார். செலவு கட்டுப்படியாகாது என்று தெரிந்து விட்டுவிட்டார்கள். 1808-ல் வந்து பார்த்த கேப்டன் கால்டுவெல், நடக்காத காரியம் என்று முடித்துவிட்டார். 1850-ல் சின்னதாக ஒரு அணைக்கு வேலை தொடங்கியும் பார்த்தார்கள். காட்டுக் காய்ச்சலைக் கண்டு ஆட்கள் பயந்தார்கள், கூலியும் கட்டவில்லை. அதுவும் நின்றது. 1860-களில் மேஜர் ரைவ்ஸ் மண் அணை ஒன்றுக்குத் திட்டம் போட்டார். அடுத்து வந்த ஸ்மித் என்ற பொறியாளர், ஓடுகிற தண்ணீரைக் கொண்டே மண்ணைக் கொண்டுவந்து படியவைத்து அணை எழுப்பலாம் என்றார். காகிதங்கள் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான பேர் பட்டினியிலும் நோயிலும் செத்தார்கள். மதுரைச் சீமையில் வைகையை நம்பி இருந்த நிலமெல்லாம் காய்ந்து கிடந்தது. மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு தண்ணீரைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தது. திட்டம் செலவு பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்த அரசாங்கத்துக்கு, திட்டம் இல்லாததற்கான செலவு என்ன என்று பஞ்சம் காட்டிவிட்டது.

1882-ல் மேஜர் பென்னிகுவிக்கிடம் இந்த வேலை வந்தது. மண் அணை யோசனையை அவர் ஓரமாக வைத்தார். கருங்கல்லையும் சுண்ணாம்பு, சுர்க்கிக் காரையையும் கொண்டு கட்டுகிற அணையை முன்வைத்தார். சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லை இடித்த தூள். சுண்ணாம்போடும் மணலோடும் இதைச் சேர்த்து அரைத்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும். சிமென்ட் வருவதற்கு முன்னால் நம்ம ஊர்க் கொத்தனார்களுக்குப் பழகிய பொருள்தான். அணையின் தத்துவமும் சிக்கல் இல்லாதது. தேங்கி நிற்கும் தண்ணீர் எவ்வளவு தள்ளினாலும் நகராத அளவுக்குக் கட்டுமானம் கனமாக இருக்க வேண்டும். அதன் எடைதான் அதன் பலம்.

அணை கட்டும் இடம் திருவாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தம். 1886 அக்டோபர் 29 அன்று ஒப்பந்தம் ஆனது. திருவாங்கூர் சார்பில் திவான் ராமையங்கார் கையெழுத்துப் போட்டார். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய் வாடகை, 999 வருஷக் குத்தகை. இந்தக் குத்தகையைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆற்றுக்கு நடுவில் அஸ்திவாரம்

1887-ல் வேலை தொடங்கியது. கடல் மட்டத்தில் இருந்து கிட்டத்தட்ட 2,900 அடி உயரம். சுற்றிலும் காடு, யானை, அட்டை, கொசு. ஆட்கள் பெரும்பாலும் கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துதான் போனார்கள். கொச்சியில் இருந்து போர்ச்சுகீசிய வம்சாவளித் தச்சர்களும் வந்தார்கள். சாமான்கள் கூடலூர்ப் பக்கம் இருந்து மலை ஏற வேண்டும்.

அணையின் மேல்பகுதியைக் கட்டுவது பெரிய விஷயமே இல்லை. கஷ்டமெல்லாம் அடியில் இருந்தது. ஒடுங்கிய பள்ளத்தில் பாய்ந்து வருகிற ஆற்றை ஒருபக்கம் ஒதுக்கினால்தான் பாறை வரை தோண்டி முதல் கல்லை வைக்க முடியும். ஒதுக்குவதற்குத் தற்காலிகத் தடுப்பு கட்ட வேண்டும். அதைக் கட்டி முடிப்பதற்குள் மலையில் மழை பெய்யும். ஒரே ராத்திரியில் தடுப்பை ஆறு அடித்துக்கொண்டு போய்விடும். மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். மழை இல்லாத காலத்தில் வேலை செய்யலாம் என்றால் காய்ச்சல் ஆளைப் படுக்கப் போடும். தடுப்பு போவதும் மறுபடி கட்டுவதுமாக இது ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, திரும்பத் திரும்ப நடந்தது. பட்டாளத்துக்காரர் ஒருவர் இந்த வேலைக்குப் பொருத்தமாக இருந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். தோற்ற இடத்திலேயே மறுநாள் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை வாங்குவது அவருக்குப் பழக்கமான காரியம்.

அடிக்கட்டுமானம் ஆற்று மட்டத்துக்கு மேலே எழும்பியதும் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கடைசியில் அஸ்திவாரத்தில் இருந்து 176 அடி உயரம், 1,200 அடி நீளத்துக்கு அணை நின்றது. ஆனால் தண்ணீரைத் தேக்குவது பாதி வேலைதான். அணைக்குப் பின்னால் உயரும் தண்ணீர் தேக்கடி வரை பரவி நிற்கும். அங்கே மலை ஒடுங்கியிருக்கும் இடத்தில் வாய்க்கால் வெட்டி, ஒரு மைலுக்குச் சற்று அதிகமான தூரத்துக்குச் சுரங்கம் குடைந்தார்கள். அதன் வழியாகக் கிழக்குப் பக்கம் விழும் தண்ணீர் வைரவனாற்றில் சேர்ந்து, சுருளியாறோடு கலந்து, வைகைக்குப் போய்ச் சேருகிறது. மேற்கே போன ஆறு கிழக்கே போனது இப்படித்தான். அணையில் 104 அடிக்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் தமிழ்நாட்டுப் பக்கம் எடுக்க முடியாது என்று பேப்பரில் அடிக்கடி வருவது இந்தச் சுரங்க வாயின் மட்டத்தால்தான்.

1895 அக்டோபர் 10 அன்று சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார்.

நகையை விற்ற கதை

இப்போது அந்தக் கதைக்கு வரலாம். அணை, சுரங்கம், வாய்க்கால் எல்லாம் சேர்த்து ஆன செலவு 81 லட்சம் ரூபாய்க்கு மேல். அந்தக் காலத்து 81 லட்சம். ஒரு பட்டாள அதிகாரியின் குடும்பச் சொத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தக் கணக்கில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. செலவு முழுவதும் சென்னை மாகாண அரசாங்கத்தின் கணக்கில்தான் இருக்கிறது. திட்டத்தில் வேலை பார்த்த மெக்கன்சி என்ற பொறியாளர் 1899-லேயே இதன் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். அதைச் சென்னையில் அச்சிட்டதும் அரசாங்கம்தான்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். அரசாங்கம் கைவிட்ட வேலையை ஒருத்தர் சொந்தக் காசில் செய்திருந்தால், அது கட்டளையை மீறிய காரியம். ஆனால் அணை வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பென்னிகுவிக் மாகாணத்தின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். 1893-ல் சட்டசபையிலும் உறுப்பினர் ஆனார். அணை திறந்த வருஷமே சி.எஸ்.ஐ. பட்டம் கிடைத்தது. கவர்னரே வந்து திறந்துவைத்தார். கைவிடப்பட்ட திட்டத்துக்கும் கட்டளை மீறிய அதிகாரிக்கும் நடக்கிற மரியாதை இது இல்லை.

அப்படியென்றால் கதை எங்கே இருந்து வந்தது? நம்ம ஊர்களில் ஏரி, குளம், கோயில் எதற்கும் இப்படி ஒரு கதை இருக்கும். தண்ணீரை நிறுத்த யாரோ ஒருத்தர் எதையோ பலி கொடுத்திருக்க வேண்டும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். தாலிச் செயினை அடகு வைத்து விதை நெல் வாங்குகிற சம்சாரிக்கு, அணை கட்டுவதற்காக மனைவியின் நகையைக் கழற்றிய துரையைப் புரிந்துகொள்வது சுலபம். திரும்பத் திரும்ப எஸ்டிமேட் போட்டு அனுப்பிய அதிகாரியைப் புரிந்துகொள்வது கஷ்டம். பென்னிகுவிக் உண்மையில் செய்தது இரண்டாவது காரியம்தான். அது சின்னக் காரியமும் இல்லை.

நகைக் கதை இன்னொரு விஷயத்தையும் மறைக்கிறது. இந்த அணைக்கு உண்மையிலேயே உயிரைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். வேலை நடந்த காலத்தில் நோய் கண்டு செத்ததாகச் சொல்லப்படுகிறவர்கள் மட்டும் 483 பேர். அவர்களைப் புதைத்த இடம் அணைக்கு வடக்கே காட்டுக்குள் இருக்கிறது. கல் சுமந்தும் சுண்ணாம்பு அரைத்தும் செத்த இவர்களில் எத்தனை பேர் கம்பத்துக்காரர், எத்தனை பேர் கூடலூர்க்காரர், அனுமந்தன்பட்டியில் இருந்து போனவர் உண்டா என்று ஊர்த் திருவிழா மேடைகளில் யாரும் கேட்பதில்லை. துரையின் மனைவி கழற்றியதாகச் சொல்லும் நகைக்குக் கிடைக்கிற கண்ணீரில் கொஞ்சமாவது இவர்களுக்கும் சேர வேண்டியது.

கிரேஸ் அம்மையாரும் பிள்ளைகளும்

கதையில் நகையைக் கொடுத்த அந்த மனைவி யார்? 1879-ல் பென்னிகுவிக் தன் 38-வது வயதில் கிரேஸ் ஜார்ஜினா சாமியர் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவரும் பட்டாளக் குடும்பத்துப் பெண். அப்பா ஜெனரல். ஆக, வீட்டுக்காரர் மாசக்கணக்கில் எங்கோ கேம்ப் போட்டுக் கிடப்பது அந்த அம்மாவுக்குப் புதுசாக இருந்திருக்காது. அணை வேலை தொடங்கியபோது கல்யாணமாகி எட்டு வருஷம். பெண் பிள்ளைகளும் ஒரே ஒரு ஆண் பிள்ளையும் வளர்ந்த வருஷங்களும், பெரியாற்றில் தடுப்பு கட்டுவதும் போவதுமாக இருந்த வருஷங்களும் ஒன்றுதான். சொத்தை வித்தாரோ இல்லையோ, அப்பா பக்கத்தில் இல்லாத அந்தக் காலத்தைத்தான் அந்தக் குடும்பம் நிச்சயமாகக் கொடுத்தது.

மகன் ஜேம்ஸ் அலெக்சாண்டர் சார்லஸ். சில்லியன்வாலாவில் செத்துப்போன பெரியப்பாவின் பேரும் அதில் இருக்கிறது. அவரும் ராணுவப் பொறியாளர் ஆனார். முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை பிரான்சில் பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஜெர்மன்காரர்கள் துரத்தி வந்தார்கள். ஊவாஸ் ஆற்றின் மேல் போந்துவாஸ் பாலம் ஒன்று தகர்க்கப்படாமல் விட்டுப்போயிருந்தது. ஜேம்ஸும் இன்னொரு அதிகாரியும் மோட்டார் சைக்கிளில் வெடிமருந்தோடு திரும்பிப் போய் அதைத் தகர்த்துவிட்டு வந்தார்கள். அதற்காக இரண்டு பேருக்கும் டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது. அப்பாவுக்குப் பேர் கொடுத்தது கட்டிய அணை, மகனுக்குப் பேர் கொடுத்தது உடைத்த பாலம். மகனின் இந்தச் சாகசத்தைப் பார்க்க அப்பா உயிரோடு இல்லை.

பென்னிகுவிக் 1896-ல் சர்க்கார் வேலையில் இருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். இந்தியாவுக்குப் பொறியாளர்களைத் தயார் செய்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரம் வெள்ளத்தில் தவித்தபோது, ஆற்றை என்ன செய்யலாம் என்று ஆலோசனை கேட்டு அவரைத்தான் அழைத்தார்கள். 1899-ல் அறிக்கை கொடுத்தார். வெள்ளத்தைப் பற்றிக் கேட்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார். 1911 மார்ச் 9 அன்று சர்ரே மாவட்டம் கேம்பர்லியில் 70-வது வயதில் காலமானார். பக்கத்து ஊரான ஃபிரிம்லியில் புனித பீட்டர் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

செத்த பிறகு கிடைத்த ஊர்

இங்கிலாந்தில் அவரை அநேகமாக மறந்துவிட்டார்கள். மறக்காமல் இருந்தது இந்தப் பள்ளத்தாக்குதான். 2013 ஜனவரி 15 அன்று லோயர் கேம்பில் வெண்கலச் சிலையோடு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அப்போது முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா திறந்துவைத்தார். 2022 செப்டம்பரில் அவர் கடைசியாக வாழ்ந்த கேம்பர்லியிலும் தமிழ்நாடு அரசு சார்பில் சிலை வைக்கப்பட்டது. இங்கே வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களுக்கு இங்கே சிலை வைத்துக்கொண்டார்கள். நம்ம ஆட்கள் அவர்கள் ஊருக்கே போய், அவர்கள் மறந்த ஒருத்தருக்குச் சிலை வைத்துவிட்டு வந்தார்கள்.

அணையைப் பற்றிய வழக்கு தனிக் கதை. 1979-ல் பாதுகாப்பைக் காரணம் காட்டி நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்தார்கள். அணையைப் பலப்படுத்திய பிறகு, 2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. கட்டும்போது பென்னிகுவிக் போட்ட கணக்கு 152 அடி. கேரளத்தில் அணைக்குக் கீழே இருக்கிற ஜனங்களின் பயத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது. பள்ளத்தாக்குக்கு அவர் சாமியாக இருக்கலாம், இடுக்கிப் பக்கத்தில் அதே கட்டடம் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம்.

ஒவ்வொரு வருஷமும் அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் முதல் தேதி முதல் போகத்துக்குத் திறந்துவிடுவது வழக்கம். சுரங்கத்தில் வந்த தண்ணீர் ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்பில் மின்சாரம் எடுத்துக்கொடுத்துவிட்டு வெளியே வரும். மின் நிலையத்தில் பராமரிப்பு வேலை நடந்தால் இரைச்சல் பாலம் வழியாகத் திறந்துவிடுவார்கள். அங்கிருந்து கூடலூர், கம்பம் தாண்டி அனுமந்தன்பட்டி வயலுக்கு அது வந்து சேருவதற்குள் நாற்றங்காலுக்கு உழவு ஓட்டி ஆட்கள் தயாராக நிற்பார்கள்.